கன்சோலுக்கு மானிட்டர்: 1080பி, 1440பி, 4கே... எதை எடுக்கலாம்?

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 180 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை திரை படத்தை மாற்றும் என்ற எண்) என்று போட்டிருப்பதைக் கன்சோல்காரர்கள் கண்டுகொள்ள வேண்டாம். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், ஸ்விட்ச் 2 எதுவுமே 120 ஹெர்ட்ஸைத் தாண்டி அனுப்பாது. கம்ப்யூட்டரை மானிட்டரோடு இணைக்கும் டிஸ்பிளேபோர்ட் கதையும் அதேதான்; கன்சோலின் முதுகில் அந்தத் துளையே கிடையாது. நமக்கு வழி எச்டிஎம்ஐ ஒன்றுதான். அதனால் மானிட்டரின் மற்ற பெருமைகளை விட அந்த எச்டிஎம்ஐ வழியாக என்ன நுழைகிறது என்பதுதான் பேச்சு.

பட்ஜெட்டில் போட்டி மூன்று பேருக்குள்: 1080பி, 1440பி, 4கே. திரையில் எத்தனை பிக்சல், அதாவது புள்ளி, என்பதைச் சொல்லும் அளவுகள் இவை; 1080பியில் குறைவு, 4கேவில் அதிகம். 24 அங்குல 1080பி சுமார் 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். 27 அங்குல 1440பி 15,000 முதல் 20,000 வரை. 27, 28 அங்குல 4கே, அதுவும் 120 ஹெர்ட்ஸைக் கன்சோலிலிருந்து வாங்கிக்கொள்ளக் கூடியது, 30,000 பக்கம் போய்விடும். ஆன்லைன் தள்ளுபடி நாட்களில் இந்த எண்கள் ஆட்டம் காணும். நான் எடுத்தது 1440பி. பெரும்பாலானவர்களுக்கும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

1080பி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிஎஸ்4 அல்லது பழைய ஸ்விட்ச் மட்டும் வைத்திருப்பவருக்கு அதுவே சரி. அவை 1440பி அனுப்பத் தெரியாதவை; பிஎஸ்4 ப்ரோவும் 1080பிக்கு அடுத்து நேராக 4கேவுக்குத்தான் தாவும். 1080பி படத்தை 1440பி திரையில் நீட்டினால் ஒன்றுக்கு ஒன்றே கால் சொச்சம் என்ற கணக்கில் பிக்சல்கள் ஒட்டாமல் எழுத்துகள் மசமசவென்று தெரியும். ஒன்று மட்டும்: 1080பி என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 27 அங்குலத்தில் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும். மேசையில் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் புள்ளிகள் கண்ணில் படும். 27 அங்குல 1440பியில் அது 109.

4கே கூர்மையில் மறுபேச்சு இல்லை. ஆனால் நொடிக்கு 60 அல்லது 120 பிரேம் (படம்) தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடில் பல கேம்கள் உள்ளே 4கேவை விடக் குறைவாகவே வரைந்து, பிறகு ஊதிப் பெரிதாக்கி அனுப்புகின்றன. 27 அங்குலத்தில் அந்த வித்தியாசத்துக்காகக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுக்கத் தோன்றவில்லை. 4கே மானிட்டருக்குக் கொடுக்கும் முப்பதாயிரத்துக்கு 43 அங்குல 4கே டிவி வருமே என்பார்கள். வரும், ஆனால் அந்த விலையில் அநேகமாக 60 ஹெர்ட்ஸ் டிவிதான். கட்டிலில் சாய்ந்து ஆடுபவர், பாதி நேரம் படம் பார்ப்பவர் டிவி பக்கம் போவதில் தப்பில்லை. மேசையில் உட்கார்ந்து ஆடுபவருக்கு அது கழுத்து வலி.

இனி 1440பி. 2020 நவம்பரில் பிஎஸ்5 வந்தபோது இந்த அளவையே அது கண்டுகொள்ளவில்லை. 1440பி மானிட்டரில் செருகினால் 1080பிதான் கிடைக்கும். 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் சோனி மனம் இறங்கியது. இப்போது 1440பியை நேரடியாக ஆதரிக்காத கேமும் 4கேவில் வரைந்ததைச் சுருக்கி அனுப்புவதால் ஓரங்கள் பல் பல்லாகத் தெரிவது குறைந்து சுத்தமாகத் தெரிகிறது. எக்ஸ்பாக்ஸில் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஸ்விட்ச் 2 டாக்கில் (டிவி, மானிட்டரோடு இணைக்கும் தாங்கியில்) இருக்கும்போது 4கே என்றால் 60 ஹெர்ட்ஸ்தான். 120 வேண்டுமென்றால் அதுவே 1440பிக்கு இறங்கியாக வேண்டும்.

இன்னொரு வசதி, 1440பி 120 ஹெர்ட்ஸுக்குப் பழைய எச்டிஎம்ஐ 2.0 போதும். 2560x1440 பிக்சல், நொடிக்கு 120 படம், பிக்சலுக்கு 24 பிட் என்று பெருக்கினால் நொடிக்கு 10.6 ஜிகாபிட் வருகிறது. எச்டிஎம்ஐ 2.0 உண்மையில் சுமக்கக் கூடியது 14.4. அதே கணக்கில் 4கே 120 ஹெர்ட்ஸுக்கு 23.9 வேண்டும். 4கே மானிட்டர் விலையேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் 2.0 உள்ள மலிவான 1440பியை எடுத்துவிடலாமா? எக்ஸ்பாக்ஸ் மட்டும்தான் என்றால் தாராளமாக. பிஎஸ்5 என்றால் கொஞ்சம் நில்லுங்கள். நான் சொன்ன நிபந்தனை இதுதான்: வி.ஆர்.ஆர்.

கேம் ஒரு நொடி 60 பிரேம், அடுத்த நொடி 52 என்று தடுமாறும். மானிட்டர் மட்டும் மாறாத தாளத்தில் படத்தை மாற்றிக்கொண்டிருந்தால் படம் குறுக்கே வெட்டுப்பட்டோ, திக்கித் திக்கியோ தெரியும். மானிட்டர் தன் தாளத்தைக் கன்சோலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே வி.ஆர்.ஆர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிப் கம்பெனியான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க், எச்டிஎம்ஐ 2.0 வழியாகவே ஓடும். மற்றது, எச்டிஎம்ஐ 2.1 தரத்திலேயே சேர்ந்த வி.ஆர்.ஆர். எக்ஸ்பாக்ஸுக்கு இரண்டும் தெரியும். பிஎஸ்5க்கு இரண்டாவது மட்டும்தான். பெட்டியில் ஃப்ரீசிங்க் ஸ்டிக்கர் பளபளக்கும், எக்ஸ்பாக்ஸைச் செருகினால் வெண்ணெய் போல் ஓடும், பிஎஸ்5ஐச் செருகினால் அமைப்பில் வி.ஆர்.ஆர். வரியே 'ஆதரிக்கப்படவில்லை' என்று மங்கிக் கிடக்கும். மானிட்டர் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை.

பிஎஸ்5இல் வி.ஆர்.ஆர். 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைதான் வேலை செய்யும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 30 பிரேமில் ஓடும் கேமுக்கு அதனால் பயனில்லை. சில கேம்கள் தரும் 40 பிரேம் மோட் வேறு சமாசாரம். 120ஐ 40 மூன்றாக வகுத்துவிடுவதால் வி.ஆர்.ஆர். இல்லாமலே சீராக இருக்கும், 120 ஹெர்ட்ஸ் மட்டும் கட்டாயம். ஆகவே 40 பிரேம் மோடிலும், அசையாத 60 பிரேமிலும் ஆடுபவர் 2.0 மானிட்டரோடு சமாளிக்கலாம். பிரேம் ஏறி இறங்கித் தடுமாறும் ஓபன் வேர்ல்ட் கேம்கள்தான் (பெரிய உலகில் இஷ்டப்படி சுற்றும் கேம்கள்) உயிர் என்றால் 2.1க்கான சில ஆயிரத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

அங்கேயும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். '2.1' என்ற எண்ணை மட்டும் நம்ப முடியாது. அந்தத் தரத்தில் அதிக வேகமும் வி.ஆர்.ஆரும் கட்டாயமில்லை, விருப்பப் பட்டியலில்தான் இருக்கின்றன. பழைய 2.0 துளைக்கே 2.1 என்று பெயர் போட்டு விற்க முடிகிறது. கம்பெனியின் தளத்தில் மேனுவலை இறக்கி, எச்டிஎம்ஐக்கென்று தனியாகப் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 'எச்டிஎம்ஐ வி.ஆர்.ஆர்.' என்று தெளிவாக இருக்க வேண்டும். '2560x1440, 120 ஹெர்ட்ஸ்' என்ற வரியும் இருக்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட்டில் 180 போட்டுவிட்டு எச்டிஎம்ஐயில் 144 மட்டும் தரும் மானிட்டர்கள் நிறைய. நமக்கு அதனால் நஷ்டமில்லை. எச்டிஎம்ஐயில் 120க்குக் கீழே இருந்தால்தான் ஒதுக்க வேண்டும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் நேரில் வாங்குபவர் கன்சோலையே பையில் போட்டு எடுத்துப் போய்ச் செருகிப் பார்ப்பது இன்னும் உத்தமம்.

திரைப் பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை பார்ப்பீர்கள்; ஐபிஎஸ் என் கட்சி. விஏ பேனலின் கறுப்பு ஆழமாக இருக்கும், 3000:1 கான்ட்ராஸ்ட் வரும். ஐபிஎஸ் 1000:1 சுற்றித்தான். ஆனால் மலிவு விஏவில் இருட்டுக் காட்சியில் கேமராவைத் திருப்பினால் நிழல்கள் மை இழுவியது போல் பின்னால் வரும். எல்லா விஏவும் அப்படியல்ல. வாங்கும் மாடலை இருட்டான கேமில் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டுவதே எச்டிஆர். எச்டிஆர் 400 என்ற முத்திரைக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பகுதி பகுதியாக வெளிச்சம் குறையாத பேனலில் எச்டிஆரைப் போட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகிறது, அவ்வளவுதான். கன்சோலில் அதை அணைத்து வைத்தால் படம் நன்றாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை. பல மானிட்டர் பெட்டிகளில் டிஸ்பிளேபோர்ட் கேபிள்தான் இருக்கும். கன்சோலோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளையே போடுங்கள். இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தால் இரண்டும் ஒரே திறன் என்று நினைக்க வேண்டாம். மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் அணைந்திருந்தால் முதலில் போட்டுவிடுங்கள். பிஎஸ்5இல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் என்று போனால் 1440பி சோதனை இருக்கும். அது தேறியதும் 120 ஹெர்ட்ஸை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். பிறகு சேவ்டு டேட்டா பகுதியில் உள்ள கேம் பிரீசெட்டில் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில கேம்கள் 60லேயே நிற்கும். கறுப்பு வெளுத்தோ, இருட்டில் விவரமே தெரியாமலோ இருந்தால் ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான அளவு) இரு பக்கமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கன்சோலிலும் மானிட்டரிலும் ஃபுல் என்று வையுங்கள். பிக்சல்கள் வேகமாக நிறம் மாற வைக்கும் ஓவர்டிரைவை மானிட்டர் மெனுவில் உச்சத்தில் வைக்காதீர்கள். ஓடும் உருவத்தைச் சுற்றி வெளிர் ஒளிவட்டம் வரும். நடு நிலை போதும்.

சத்தத்தை மறந்துவிட்டு வாங்குபவர்களும் அதிகம். பட்ஜெட் மானிட்டரில் ஸ்பீக்கர் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் செல்போன் தரம்தான். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலும் ஸ்பீக்கருக்குச் சத்தத்தைத் தனியாக அனுப்பும் ஆப்டிகல் துளை இல்லை. ஹெட்போனைக் கன்ட்ரோலரிலேயே செருகிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வேண்டுமென்றால் மானிட்டரின் பின்னால் 3.5 மி.மீ. ஆடியோ துளை இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அதில் பவர் ஸ்பீக்கரைச் செருகி, மானிட்டரின் வால்யூமை முழுக்க வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கர் திருகிலேயே செய்தால் பின்னணி இரைச்சல் குறைவாக இருக்கும்.