ஃப்ரீயா கரண்ட் அளக்கறோம்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட ஜாக்கிரதை, எங்களுக்கு 8,400 ரூபா போச்சு

கடுப்புல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கோயம்புத்தூர்ல சரவணம்பட்டி, கணபதி பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க கண்டிப்பா படிங்க, ஏன்னா இப்ப இந்த ஏரியாவுலதான் சுத்திக்கிட்டு இருக்காங்க. "உங்க கிச்சன்ல எந்த மெஷின் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு இலவசமா அளந்து ரிப்போர்ட் தர்றோம்"னு ஆன்லைன்ல விளம்பரம் வரும், நம்பர் குடுத்தா மறுநாளே ஆள் வந்து நிப்பான். பேர் போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ்னு ஆரம்பிப்பாங்க, 8,400 போனது போதும். வீட்டுக்கு ஆள் அனுப்பி, சொருகுனா கரண்ட் பில் குறையும்னு சொல்லி பவர் சேவர் டப்பா விக்கற ரகம்னு புரிஞ்சுக்கோங்க.

எங்க வீட்ல போன பில் 540 யூனிட். 500 தாண்டுனா என்ன ஆகும்னு தெரியும்ல, தாண்டுன 40 யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, 101லேர்ந்து 200 வரைக்கும் இருக்கற சலுகை ரேட்டும் சேந்து போயிடும். அதனால எது இழுக்குதுன்னு பாத்து 500க்குள்ள அடக்கலாம்னுதான் வரச்சொன்னோம்.

வந்த ஆளைப் பாத்தா யாரா இருந்தாலும் நம்புவாங்க. கழுத்துல ஐடி கார்டு, கையில கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுத்திக் கவ்வி, எத்தனை ஆம்ப்ஸ் கரண்ட் ஓடுதுன்னு காட்டுமே, அது), வாசல்லயே ஷூவை கழட்டிட்டு வந்தான். அம்மா கிரைண்டர்ல இட்லிக்கு போட்டிருந்தாங்க, "நிறுத்தாதீங்கம்மா, ஓடட்டும், ஓடும்போது அளந்தாதான் கரெக்டா வரும்"னான். ஒவ்வொண்ணா அளந்து நோட்டுல எழுதுனான், கெட்டில் 6.5 ஆம்ப்ஸ், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், கடைசியா கிரைண்டர் 1.3. அவன் கொண்டு வந்த எக்ஸ்டென்ஷன் போர்டுல ஒயரைப் பிரிச்சு விட்டிருந்தான், ஏன்னு கேட்டதுக்கு "பேஸ் ஒயரை மட்டும் தனியா புடிக்கணும் சார், ரெண்டு ஒயரையும் சேத்து புடிச்சா சைபர் கிட்ட காட்டும், சில பேர் அப்படித்தான் கஸ்டமரை ஏமாத்தறாங்க"ன்னு சொன்னான். அங்கதான் நம்புனோம். அவன் சொன்னதும் உண்மைதான், ஒயர் ரெண்டையும் சேத்து புடிச்சா போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், சைபர்தான் வரும். ஏமாத்தறவங்க எப்படி ஏமாத்துவாங்கன்னு சொல்லிக் குடுக்கறவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்?

அப்புறம் பையிலேர்ந்து டப்பாவை எடுத்தான். வெள்ளை பிளாஸ்டிக், முன்னாடி பச்சை எல்இடி. அதே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுனதும் கிளாம்ப் மீட்டர்ல 1.3 அப்படியே 0.8க்கு இறங்குச்சு. கண்ணு முன்னாடி. கழட்டுனா 1.3, போட்டா 0.8, கிரைண்டர் பாட்டுக்கு அதே ஸ்பீடுல ஓடுது. "அட, குறையுதே"ன்னு அம்மாவே சொன்னாங்க. "பாத்தீங்களா சார், கிட்டத்தட்ட நாப்பது பர்சன்ட், பில்லு ரெண்டாயிரத்து நானூறுன்னா ஆயிரம் ரூபா மிச்சம், ஒன்றரை வருஷத்துல போட்ட காசு வந்துடும், அதுக்கப்புறம் எல்லாம் லாபம்"னான்.

என் வீட்டுக்காரி மட்டும் "கெட்டிலை வச்சு காட்டுங்க"ன்னு கேட்டா. "அது ஹீட்டிங் ஐட்டம் மேடம், டப்பா செட்டாக ஒரு வாரம் ஆகும்"னு சொல்லிட்டு பில் புக்கை எடுத்துட்டான். 8,400 ரூபா, அங்கயே போன்ல அனுப்புனோம்.

ஒரு வாரம் கழிச்சு மீட்டரைப் பாத்தா யூனிட் எப்பவும் போலத்தான் ஓடிட்டு இருக்கு. அந்த ஆளுக்கு போன் பண்ணா "டப்பா உங்க வீட்டு லோடை கத்துக்கிட்டு இருக்கு சார், ஒரு பில் முழுசா வரட்டும், அப்ப பாருங்க"ங்கறான். நம்மூர்ல பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, இவனுங்க ரிட்டர்ன் டைம் 15 நாள். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? பில் வந்துச்சு, 552 யூனிட். குறையல, ஏறியிருக்கு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு "டிக்கெட் போட்டிருக்கோம் சார், டெக்னிகல் டீம் கூப்பிடுவாங்க"ன்னா. டெக்னிகல் டீம்னு ஒருத்தன் கூப்பிட்டு "உங்க வீட்டு ஒயரிங் பழசா இருக்கும், எர்த்திங் செக் பண்ணுங்க"ன்னான். வீடு கட்டி நாலு வருஷம்தாங்க ஆகுது! எர்த்திங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா "சீனியர்கிட்ட கேட்டு சொல்றேன்". சீனியர் பேசறாரு, "15 நாள் தாண்டிடுச்சே சார், பாலிசி அலவ் பண்ணாது, வேணும்னா இன்னொரு மூவாயிரம் போட்டு பெரிய மாடலுக்கு மாத்திக்கலாம்". 8,400 வாங்குனது பத்தலையாம். வீட்டுக்கு வந்தவனோட வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழும், பதில் வராது, இப்ப அதுவும் இல்ல, ப்ளாக் பண்ணிட்டான்.

எங்க தெரு முனையில மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கற அண்ணன்கிட்ட டப்பாவைக் கொண்டு போனேன். காதுகிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டிட்டு, "கெபாசிட்டருங்க தம்பி, வேற ஒண்ணும் இருக்காது"ன்னு ஸ்குரூவைக் கழட்டுனார். உள்ள 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் (கரண்டை கொஞ்ச நேரம் சேத்து வச்சு திருப்பி விடற பாகம்) ஒண்ணு, எல்இடி எரியறதுக்கு ஒரு சின்ன போர்டு. அவ்ளோதான். அந்த கெபாசிட்டர் கடையில நூத்தம்பது ரூபாகூட இருக்காதாம். 8,400!

"அப்ப ஆம்ப்ஸ் குறைஞ்சுதேண்ணா, நானே பாத்தேனே"ன்னேன். "ஆம்ப்ஸ் குறையும் தம்பி, யூனிட் குறையாது"ன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். கிரைண்டர், ஃப்ரிட்ஜ் மாதிரி மோட்டார் இருக்கறது எல்லாம் வேலை செய்ய இழுக்கற கரண்ட் போக, காந்தத்தை உண்டாக்கறதுக்குன்னு கொஞ்சம் கரண்டை வாங்கி வாங்கி திருப்பி அனுப்பும். கிளாம்ப் மீட்டர் ரெண்டையும் சேத்துதான் காட்டும். வீட்டு மீட்டர் வேலை செஞ்ச வாட்ஸை மட்டும்தான் யூனிட்டா ஏத்தும், போய் போய் திரும்பற கரண்டுக்கு வீட்டு இணைப்புல காசே கிடையாது. கெபாசிட்டர் பக்கத்துல இருந்தா அந்த போக்குவரத்து மோட்டாருக்கும் கெபாசிட்டருக்கும் நடுவுலயே முடிஞ்சுடும், அதனால ஆம்ப்ஸ் இறங்குது. அதாவது நாம காசே கட்டாத ஒண்ணைக் குறைச்சுக் காட்டி 8,400 வாங்கியிருக்கான். ஃபேக்டரி மாதிரி பெரிய இணைப்புக்குதான் பவர் ஃபேக்டர் (இழுக்கற கரண்ட்ல எவ்ளோ பங்கு நிஜமா வேலைக்குப் போகுதுங்கற அளவு) பாத்து அபராதம் போடுவாங்க, அங்க கெபாசிட்டரை வரிசையா வைக்கறதுக்கு அர்த்தம் இருக்கு, நம்ம சமையக்கட்டுல என்ன இருக்கு?

நம்பாம மச்சான்கிட்ட பிளக்ல சொருகற வாட் மீட்டர் வாங்கிட்டு வந்து, அதுல எக்ஸ்டென்ஷன் போர்டு மாட்டி கிரைண்டரைப் போட்டேன். 1.3 ஆம்ப்ஸ், 160 வாட்ஸ், பவர் ஃபேக்டர் 0.53. டப்பாவை சொருகுனேன். ஆம்ப்ஸ் 0.8, பவர் ஃபேக்டர் 0.87, வாட்ஸ் 161. ஒரு வாட் ஏறுது, அந்த பச்சை லைட்டுக்கு! கிரைண்டரை ஆஃப் பண்ணிட்டு டப்பாவை மட்டும் விட்டா 0.7 ஆம்ப்ஸ் காட்டுது, அதாவது கிளாம்ப் மீட்டர் கணக்குப்படி பாத்தா இவனோட டப்பாதான் சும்மாவே கரண்ட் இழுக்குது. கெட்டில்ல போட்டா 6.5 கொஞ்சம்கூட இறங்கல, ஏன்னா கெட்டில்ல மோட்டாரே இல்ல. அவன் ஏன் கெட்டில்ல காட்டலன்னு இப்பத்தான் புரியுது.

இன்னொரு வயித்தெரிச்சல் என்னன்னா 160 வாட்ஸ் கிரைண்டரை வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டுனா ரெண்டு மாசத்துக்கு மூணு யூனிட்தான் வரும். அதுல நாப்பது பர்சன்ட் நிஜமாவே குறைஞ்சாலும் ஒரு யூனிட் சொச்சம். 540 யூனிட்டை ஏத்தறது ஏசி, கீசர், 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு. அதையெல்லாம் விட்டுட்டு கிரைண்டர்ல வித்தை காட்டிட்டுப் போயிட்டான்.

எப்படி அளக்கறதுன்னு விளக்கமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல, சுருக்கமா சொல்லிடறேன். ஆம்ப்ஸை மட்டும் காட்டுனா நம்பாதீங்க, வாட்ஸ் கேளுங்க. பிளக்ல சொருகற வாட் மீட்டர் வாங்குனா கெட்டில், இண்டக்ஷனுக்கு 16 ஆம்ப்ஸ் தாங்கறதா பாத்து வாங்குங்க, சின்னதுல போட்டா உருகிடலாம். அதுவும் இல்லன்னா வீட்ல மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒண்ணை மட்டும் ஓட்டி, மீட்டர்ல மினுக்கற சிவப்பு லைட்டை எண்ணுங்க, எங்க மீட்டர்ல 3200 மினுக்கு ஒரு யூனிட், உங்களோடதுல மீட்டர் மேலயே போட்டிருக்கும். கிரைண்டருக்கு நிமிஷத்துக்கு எட்டொம்போது, 1500 வாட்ஸ் கெட்டிலுக்கு எம்பது. டப்பா போட்டாலும் அதே எண்ணிக்கைதான். ஒயரைப் பிரிக்கறது, கிளாம்ப் போடறதெல்லாம் தெரியாதவங்க செய்யாதீங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், பில் கையில இருக்கு. 8,400 திரும்பி வந்தா இங்கயே சொல்றேன். அதுக்குள்ள உங்க அபார்ட்மெண்ட்டுக்கு வந்தான்னா உள்ள விடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க, கெட்டில்ல வச்சு காட்டுவியான்னு.