டெஸ்கோ: உள்ளே வளர்ந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா?

பிரிட்டனின் பல்பொருள் அங்காடி நிறுவனமான டெஸ்கோவில் பிலிப் கிளார்க் பள்ளி நாட்களிலேயே அலமாரி அடுக்கியவர். 2011இல் தலைமை நிர்வாகி ஆனார். கடையின் நாடி அவருக்குத் தெரியும். ஆனால் வளர்த்த வீட்டின் பழக்கங்களைச் சந்தேகிப்பது யாருக்கும் கடினம்.

2014 செப்டம்பரில் அவர் இடத்துக்கு யூனிலீவரிலிருந்து டேவ் லூயிஸ் வந்தார். அதே மாதம் லாபம் சுமார் 25 கோடி பவுண்டு கூடுதலாகக் காட்டப்பட்டது அம்பலமானது: சப்ளையர்கள் தரவேண்டிய தொகையை முன்கூட்டியே வருமானமாக எழுதியிருந்தார்கள். லூயிஸ் அதை மூடி மறைக்கவில்லை. அந்த நிதியாண்டுக்கு 640 கோடி பவுண்டு நஷ்டத்தை அறிவித்தார், கொரியக் கடைகளை விற்றார், 2018இல் மொத்த வியாபார நிறுவனமான புக்கரை வாங்கினார்.

பங்குதாரராக என் ஓட்டு லூயிஸுக்கே. கிளார்க் மீது பரிவும் உண்டு. மலிவு விலைக் கடைகளான ஆல்டி, லிடிலின் விலைப்போட்டி அவர் காலத்தில்தான் கழுத்தை நெரித்தது.