பூனையின் பிறாண்டும் பலகை: மூலையிலா, சோபா பக்கமா, படுக்கை பக்கமா?

பூனை நகத்தால் பிறாண்டுவதற்கென்றே இருக்கும் பலகையை (தரையில் கிடக்கும் அட்டையோ, நிற்கும் கம்பமோ) வாங்கியதும் பலரும் அதை யார் காலிலும் தட்டாத ஒரு மூலையில் வைத்துவிடுகிறார்கள். வீடு பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பலகைதான் சரியில்லை என்று இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் அதே மூலைக்குப் போகும்.

பூனை பிறாண்டும்போது நகத்தின் பழைய மேலுறை கழன்று விழுகிறது, உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. அதன் பாதத்தில், விரல்களுக்கு இடையே, மணச் சுரப்பிகள் இருக்கின்றன. பிறாண்டிய இடத்தில் அந்த மணம் படிகிறது, நகக் கோடுகளும் விழுகின்றன. இரண்டும் சேர்ந்து, ‘இது என் இடம்’ என்று சொல்கின்றன. அதை ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் சொல்லி என்ன பயன்? எல்லோரும் புழங்கும் கூடத்தில் இருக்கும் சோபாவைத்தான் அது தேடிப் போகும். அதனால் மூலையை நான் முதலிலேயே கழித்துவிடுவேன்.

சோபா ஏற்கெனவே கிழிபடுகிறது என்றால், பலகைக்குச் சரியான இடம் சோபா பக்கம்தான். பக்கம் என்றால் நன்றாக ஒட்டி, பூனை பிறாண்டும் அதே முனைக்கு நேர் முன்னால். அந்த முனையில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் போட்டுவிட்டால், பிசுபிசுப்பு பிடிக்காமல் பூனை பலகைக்கு மாறிக்கொள்ளும். கூடத்தில் இது கொஞ்சம் இடைஞ்சல்தான். ஆனால் நன்றாகப் பழகிய பிறகு, நாளுக்குச் சில சென்டிமீட்டராக மெல்ல ஓரத்துக்கு நகர்த்தலாம். ஒரே நாளில் தூக்கி அடுத்த அறையில் வைத்தால் பூனை மறுபடி சோபாவுக்கே போய்விடும்.

புதிதாக வந்த குட்டி, இன்னும் எதையும் கிழிக்க ஆரம்பிக்கவில்லை என்றால் அது தூங்கும் படுக்கை பக்கம் நல்லது. தூங்கி எழுந்ததும் பூனை உடம்பை நீட்டிச் சோம்பல் முறிக்கும், கூடவே பிறாண்டும். அந்த நேரத்தில் பலகை கண்ணெதிரே இருக்க வேண்டும். நிற்கும் கம்பமாக இருந்தால், வளர்ந்த பூனை முழுசாக நீண்டு எட்டும் உயரம் வேண்டும். ஏறத்தாழ 80-90 சென்டிமீட்டர். ஆடவே கூடாது. ஒரு முறை சாய்ந்து பயந்துவிட்டால் அப்புறம் பல பூனைகள் அதன் கிட்டே போகாது.

ஜன்னலோ வாசலோ இரண்டாவது பலகைக்கான இடம். வெளியே வேறு பூனைகள் நடமாடினால், அல்லது வீட்டிலேயே ஒன்றுக்கு மேல் இருந்தால், அங்கும் ஒன்று வைப்பது நல்லது.

இடம் சரியாக இருந்தும் பூனை தொடவில்லையா? அது எதைக் கிழிக்கிறது என்று பாருங்கள். தரைக் கம்பளத்தைப் பிறாண்டும் பூனைக்குத் தரையில் கிடக்கும் அட்டை, சோபாவின் பக்கவாட்டைப் பிறாண்டும் பூனைக்கு நிற்கும் கம்பம். பாதத்தைப் பிடித்து இழுத்துத் தேய்த்துக் காட்ட வேண்டாம், மிரண்டுவிடும். பலகை நைந்துபோய்ப் புதிது வாங்கினாலும் பழையதை உடனே எறியாதீர்கள். பூனையின் மணம் அதில்தான் இருக்கிறது. புதியதைப் பூனை பிறாண்டத் தொடங்கும் வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.