பானாசோனிக் கேஎக்ஸ்-டிஜி1611: வைஃபையோடு மோதாத கார்ட்லெஸ் போன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஆறு பிள்ளைகளுக்குக் காணொளி வழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். அவர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் வளர்பவர்கள். ழகரத்தையும் ளகரத்தையும் காதால் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டிய நிலையில் இருப்பவர்கள். சென்ற ஆண்டு முழுவதும் அந்த வகுப்பு நடுநடுவே அறுந்துகொண்டே இருந்தது. படம் அப்படியே நிற்கும், என் குரல் துண்டுதுண்டாகப் போகும், "ஆன்ட்டி, கேட்கவில்லை" என்று பிள்ளைகள் கை அசைப்பார்கள், பத்து நிமிடம் கழித்து எல்லாம் தானாகவே சரியாகிவிடும்.

இணையச் சேவையில்தான் குறை என்று நான் உறுதியாக நம்பினேன். மூன்று முறை புகார் கொடுத்தேன்; மூன்று முறையும் அவர்கள் சோதித்துவிட்டு ஃபைபர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்பதை என் மகன்தான் கண்டுபிடித்தான். மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்துவிட்டு அடுத்த வகுப்பை நடத்தச் சொன்னான். அன்று ஒருமுறைகூடக் குரல் அறுபடவில்லை. அப்படியென்றால் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பில் பழுது இல்லை, ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே காற்றில்தான் ஏதோ நடக்கிறது என்று பொருள். வகுப்பு நடந்துகொண்டிருந்த அதே வேளையில் என் மாமியார் பக்கத்து அறையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தம் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மாலைதான் அவர்கள் இருவரும் பேசும் நேரம்.

மாமியாரின் கார்ட்லெஸ் போன் அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வந்தது. அதன் அடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிடப்பட்டிருந்தது. வீட்டு வைஃபை பரவலாக இயங்குவதும் அதே இடத்தில்தான், அதாவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைப் பட்டையில். வைஃபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கும், யாரும் இல்லையென்றால்தான் தொடங்கும். இத்தகைய போன்களோ எதையும் கேட்பதில்லை. தமக்குரிய கணத்தில் அலையை அனுப்பிவிடும். அப்போது வைஃபை ஒன்று காத்திருக்கும், இல்லையேல் அது அனுப்பிய தரவு சிதைந்து மறுபடி அனுப்பப்படும். ஒரு வலைப்பக்கம் திறக்க அரை நொடி தாமதமானால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் நேரடியாகப் பேசும் குரல் அந்தத் தாமதத்தைத் தாங்காது.

சேனலை மாற்றிப் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். நானும் ஒன்று, ஆறு, பதினொன்று என ஒன்றோடொன்று மேல்விழாத மூன்று சேனல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அந்த போன் ஓரிடத்தில் நிற்காமல் பட்டை முழுவதும் நொடிக்குப் பலமுறை தாவிக்கொண்டே இருக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், எந்தச் சேனலுக்குப் போனாலும் அங்கேயும் அது வந்து நிற்கும். ரவுட்டர் தானாகவே நல்ல சேனலைத் தேர்ந்தெடுக்குமே என்று கேட்கலாம். பல ரவுட்டர்கள் அந்தத் தேர்வை மின்சாரம் வந்து விழித்தெழும் நேரத்தில்தான் செய்கின்றன; லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்த அந்த நிமிடத்தில் மாமியார் போனில் பேசிக்கொண்டிருக்கப் போவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓரளவு உதவியது, ஆனால் எங்கள் வீட்டின் கெட்டியான செங்கல் சுவர்கள் இரண்டைத் தாண்டுவதற்குள் அது மெலிந்துவிடுகிறது. மேலும், இங்கே ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் மிகுதி என்பதால், தொல்லை தரும் போன் அடுத்த வீட்டுடையதாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே போனையே மாற்றினேன். நான் வாங்கிய கேஎக்ஸ்-டிஜி1611, கார்ட்லெஸ் போன்களுக்கென வகுக்கப்பட்ட டெக்ட் என்னும் முறையில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்குகிறது. வைஃபை தொடங்கும் இடத்துக்கும் இதற்கும் இடையே 500 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறது. அலை வீசும் கணத்தில் இதன் வலிமை 250 மில்லிவாட். ஆனால் ஒவ்வொரு பத்து மில்லிநொடியும் 24 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு அவற்றில் ஒன்றை மட்டுமே கைக்கருவி எடுத்துக்கொள்வதால், சராசரி 10 மில்லிவாட் அளவில்தான் வருகிறது. முதல் சனிக்கிழமை வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தேன். போனின் பேஸை, அதாவது கைக்கருவியோடு அலைவழி பேசும் அடிப்பெட்டியை, ரவுட்டரை ஒட்டி வைத்து, வகுப்பு நேரம் முழுவதும் மாமியாரைப் பேசிக்கொண்டிருக்கச் சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். பிள்ளைகளில் ஒருவர்கூட "கேட்கவில்லை" என்று சொல்லவில்லை. அந்த மாலை எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை அளந்து சொல்ல இயலாது.

இருந்தாலும் இப்போது இரண்டையும் இரண்டு மீட்டர் தள்ளியே வைத்திருக்கிறேன். பட்டை வேறாக இருந்தாலும், அலை வீசும் இரண்டு கருவிகளை உரசும்படி வைப்பதை நான் விரும்பவில்லை. தரம் குறைந்த அடாப்டர்கள் எழுப்பும் மின் இரைச்சலும் அருகில் உள்ள கருவிகளைத் தொடுவதுண்டு.

மற்றபடி இது எளிமையான போன். 50 பெயர்கள் பதியலாம், அழைப்பவரின் எண் திரையில் தெரியும், பொத்தான்கள் முதியவர்களின் விரலுக்குத் தோதாக இருக்கின்றன, குரல் தெளிவாக ஒலிக்கிறது. ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏஏஏ பேட்டரிகள் இரண்டு இதற்குப் போதும். சாதாரண பேட்டரிகளை மட்டும் இதில் போடவே கூடாது.

தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாகவே வரும் ஏடிஎஸ்எல் இணையம் இன்னும் இருக்கும் வீடுகளில் சிக்கல் வேறு விதமானது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே மனிதக் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும் இணையம் ஏறத்தாழ 26 முதல் 1104 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் ஒரே கம்பியில் செல்கின்றன. இரண்டையும் பிரிக்கும் சிறிய ஃபில்டர் ஒவ்வொரு போனுக்கும் முன்னால் இருக்கவேண்டும். மணி அடித்தவுடன் ரவுட்டரில் டிஎஸ்எல் விளக்கு அணைந்து மினுங்கினால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். அந்த விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருக்க, கைபேசியிலும் கணினியிலும் மட்டும் இணையம் அறுந்தால் அது வைஃபை மோதல். ஃபில்டர் சிக்கலுக்கு எவ்வளவு நல்ல டெக்ட் போன் வாங்கினாலும் தீர்வு கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் போன் வாங்கிவரச் சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் விற்கும் டெக்ட் 6.0 போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. தென்னாப்பிரிக்காவில் அந்த இடம் கைபேசி வலையமைப்புக்கு உரியது. அவற்றில் பலவற்றின் அடாப்டரும் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது, நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் கருகிவிடக்கூடும். உள்ளூரில், தென்னாப்பிரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இக்காசாவின் அங்கீகாரம் பெற்ற போனாகப் பார்த்து வாங்குங்கள்.

பெரும்பாலான கார்ட்லெஸ் போன்களுக்கு உள்ள ஒரு குறை இதற்கும் உண்டு. மின்சாரம் போனால் பேஸ் அணைந்துவிடும், கைக்கருவியில் பேட்டரி நிறைந்திருந்தும் பேச முடியாது. பழைய செம்புக் கம்பியில் சாதாரணக் கம்பிபோன் ஒன்றைச் செருகினால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரத்திலேயே அது பேசும்; ஃபைபரில் அந்த வசதி இல்லை. நாங்கள் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், போனின் பேஸ் மூன்றையும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறோம். அடுத்த முறை மின்சாரம் போன இரண்டு மணி நேரமும் வகுப்பும் நடந்தது, மாமியாரும் தம் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார்.