வீட்டோரக் கொட்டகைக்கு எந்தக் கூரை: ஓடா, கலர் ஷீட்டா, சிமெண்ட் ஷீட்டா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் கொஞ்சம் விளை (தோட்ட நிலம்) உள்ள வீடு என்றால் காருக்கு ஒரு ஷெட், விறகுக்கு ஒரு புரை, மாட்டுக்குத் தொழுவம் என்று சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டடங்கள் இருக்கும். ரப்பர் வெட்டுபவர்களுக்கு ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையும் வேண்டும். இப்போது இவை அத்தனைக்கும் இரும்புக் குழாய் நட்டு ஒரே கலர் ஷீட்டை (வண்ணம் பூசிய தகரத்தை) போட்டு முடித்துவிடுகிறார்கள். கூரைக்கு அடியில் என்ன இருக்கப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

காருக்குக் கலர் ஷீட்தான் சரி. காரணம் சரிவு. மங்களூர் ஓட்டில் தண்ணீர் தங்காமல் வழிய ஏறக்குறைய 30 டிகிரி சரிவு வேண்டும். பத்தடி அகல ஷெட்டை வீட்டுச் சுவரோடு ஒரே சாய்ப்பாக இறக்கினால், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஆறடிக்குச் சற்றே குறைவான உயர வித்தியாசம் வரும். கீழ்முனையில் கார் நுழைய ஏழடி விட்டால், மேல்முனை சன்ஷேடைத் தாண்டிப் போய்விடும். ஷீட்டுக்குப் பத்து டிகிரி போதும்; இரண்டடிக்குள் அடங்கும். ஆனால் படுக்கையறை ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாவர்ஷமும் (வடகிழக்குப் பருவமழை) இரண்டுமே பெய்கிற ஊரில், அந்த இரைச்சலோடு தூங்க முடியாது.

தொழுவத்திலும் விறகுப்புரையிலும் ஓட்டுக்கு ஈடு இல்லை. ஓடுகளின் இடுக்கு வழியே உள்ளே தேங்கும் வெப்பமும் ஈரக்காற்றும் வெளியேறும். தகரத்துக்கு அடியில் பங்குனி வெயிலில் கலப்பினப் பசு மூச்சு வாங்கும், பாலும் குறையும். தேங்காய் விழுந்தால் ஓடு உடையும், உண்மைதான். உடைந்த ஒன்றை உருவிவிட்டு வேறொன்றைச் செருகப் பத்து நிமிடம் ஆகும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் ஓடு மலிவாகவும் கிடைக்கும். ஷீட்டில் விழுந்தால் நெளியும். நெளிந்த இடத்தில் ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் விலகி, அடுத்த மழைக்கு ஒழுகும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்த மாவட்டம் இது. நாலு பக்கமும் திறந்த ஷெட்டில் காற்று அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கும். எடை குறைந்த ஷீட்டுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். ஒன்று கழன்றால் பறந்துபோய் யாரையாவது வெட்டும். ஷீட் போடுபவர்கள் ஓரங்களில் ஸ்க்ரூவை நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள். தூணைத் தரைமேல் தகடு வைத்து நிறுத்தாமல், கான்கிரீட் குழிக்குள் இறக்கச் சொல்லுங்கள்.

சிமெண்ட் ஷீட் வேண்டவே வேண்டாம். விலை குறைவு என்று ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததை இன்னும் வாங்குகிறார்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூசிதான் எமன். பழையதை இறக்குவதாக இருந்தால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்குங்கள்.

புகைப்புரைக்கும் ஓடுதான். ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தின் மிச்சம் ஈர ரப்பர் ஷீட்டிலிருந்து ஆவியாகி, கூரைத் தகரத்தின் இரும்பை அரிக்கும். நெருப்பும் ரப்பரும் ஒரே அறையில் இருப்பதால், அதை வீட்டையும் கார் ஷெட்டையும் விட்டுத் தள்ளியே கட்டுங்கள்.