எண்ணெய் ஊறிய மண்: எரிப்பதா, வறுப்பதா?

டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் ஊறிப்போன மண்ணை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சூளையில் போட்டு எரித்துவிடலாம், இல்லையென்றால் சுழலும் டிரம்மில் வறுத்து எண்ணெயை மட்டும் ஆவியாக்கிப் பிரிக்கலாம். நாங்கள் வறுத்தோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சூளையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1000 டிகிரி அளவில் எரிந்தால் எண்ணெய் மிஞ்சாது. பிசுபிசுவென்ற கெட்டிக் கழிவுக்கு அதுதான் சரி. ஆனால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு எண்ணெய்க்காக மீதி மணலையும் கல்லையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோவது வெட்டிச் செலவு.

வறுப்பதற்கு 350 டிகிரி பக்கம் போதும். வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் ஏஜென்ட் ஆரஞ்சிலிருந்து (போரில் அமெரிக்கப் படை தெளித்த களைக்கொல்லி) வந்த டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்த மண்ணையே, டிரம் இல்லாமல், கான்கிரீட் சுவர் எழுப்பிக் குவித்து, சூடேற்றும் குழாய்களைச் செருகி 335 டிகிரியில்தான் சுத்தம் செய்தார்கள். 2018இல் வேலை முடிந்தபோது சுமார் 90,000 கன மீட்டர் மண் சுத்தமாகியிருந்தது.

எங்கள் கணக்கை முடிவு செய்தது ஈரம். ஒரு டன் மண்ணில் 200 கிலோ தண்ணீர் இருந்தால், அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவே சுமார் 510 மெகாஜூல் வெப்பம் போய்விடும். மீதி 800 கிலோ மண்ணை 350 டிகிரிக்கு ஏற்ற 220தான். அதாவது டிரம்முக்கு ஊற்றும் எரிபொருளில் பாதிக்கு மேல் தண்ணீருக்குத்தான். சூளையிலும் இதே தண்ணீர்தான், ஆனால் அந்த நீராவியையும் 1000 டிகிரிவரை தூக்க வேண்டும், மொத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அதனால் மெஷினைவிடத் தார்ப்பாய் முக்கியம். குவியலை மூடிவைத்து, வெயில் நாளில் கிளறிவிட்டு, கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை பிடிக்காமல் உதிர்கிற பதத்தில்தான் உள்ளே தள்ளினோம்.

வறுப்பதில் இன்னொரு வேலையும் இருக்கிறது, ஆவியான எண்ணெய் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. அதைக் குளிரவைத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தனி அறையில் எரிக்க வேண்டும். இதில் செலவை மிச்சம் பிடித்தால் நிலத்திலிருந்து காற்றுக்கு அழுக்கை மாற்றியதாகத்தான் ஆகும்.

எங்களுடையது மணல் கலந்த மண். களிமண்ணில் நான் செய்து பார்த்ததில்லை, கட்டி பிடித்து உள்ளே சூடு இறங்காது என்று நினைக்கிறேன், அதற்கு முதலில் கொஞ்சம் வறுத்துப் பார்ப்பது நல்லது. அப்புறம், மண்ணில் ஈயம் இருந்தால் 350 டிகிரியில் அது அப்படியே கிடக்கும், எரித்தாலும் சாம்பலிலோ புகையிலோ வந்து நிற்கும்.