மதுரைல அப்பாவோட சுகர் கண் செக்கப், கூடவே கொலஸ்ட்ரால் விஷயமும்

லண்டன்ல சுகர் இருக்கற, 12 வயசோ அதுக்கு மேலயோ ஆனவங்களுக்கு கண்ணுக்குள்ள போட்டோ எடுக்க அந்த ஊர் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்-ல இருந்து லெட்டரே வந்துரும், காசு கிடையாது. நம்ம ஊர்ல நாமளா கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. அப்பாவுக்கு சுகர் வந்து பல வருஷம் ஆச்சு, "கண்ணாடி போட்டா பேப்பர் நல்லாத்தானப்பா தெரியுது"ன்னு தட்டிக் கழிச்சுட்டே இருந்தாரு.

இந்த தடவை விடல, அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிட்டேன். டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 பெட்டோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இப்ப கூட்டம் அலைமோதுது, ஆனாலும் வரிசை நகர்ந்துட்டே இருந்துச்சு, அடுத்து எங்க போகணும்னு அங்கங்க ஆள் சொல்லி அனுப்புறாங்க. செக்கப்புக்கு கண்ணுல சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் பார்வை மங்கலாத்தான் இருக்கும், வெயில் கூசும், அதனால மருந்து விட்டவங்க கைல வண்டிய குடுக்காதீங்க, ஆட்டோ புடிச்சுருங்க.

ஸ்கிரீன்ல போட்டோவ காட்டி டாக்டரம்மா சொன்னதுதான் எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு. விழித்திரைல மஞ்சள் மஞ்சளா புள்ளி. சுகரால ரத்தக்குழாய் பலவீனமாகி கசியும்போது ரத்தத்துல இருக்கற கொழுப்பும் புரதமும் வெளிய வந்து அப்படி படியுமாம், நடுப்பகுதில படிஞ்சா பார்வையே போகலாம். "கொலஸ்ட்ரால் எப்ப பாத்தீங்கய்யா?"ன்னாங்க, அப்பா முழிக்கிறாரு. போன ரிப்போர்ட் நார்மல்னு கொலஸ்ட்ரால் மாத்திரைய அவரே நிறுத்திட்டாராம்! மாத்திரை சாப்பிட்டதாலதான நார்மலா இருந்துச்சு. இவ்வளவு நாள் சுகருக்கு பாத்த கிளினிக்ல மாசாமாசம் சுகர மட்டும் பாத்து அனுப்பிட்டாங்க, ரத்தத்துல கொழுப்ப பாக்கற லிப்பிட் ப்ரொஃபைல் டெஸ்ட்டும் கேக்கல, கண்ண பாருங்கன்னும் சொல்லல, அதுல எனக்கு ரொம்ப கோவம்.

மறுநாள் காலைல லேப்ல இருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாங்க, சாயங்காலம் வாட்ஸ்அப்ல ரிப்போர்ட். கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல், ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு ரெண்டுமே எகிறி இருந்துச்சு. அப்பா நிறுத்தின கொலஸ்ட்ரால் மாத்திரை ஸ்டாடின் திரும்ப ஆரம்பிச்சாச்சு.

ரத்தக் கொழுப்புக்கே ஃபீனோஃபைப்ரேட்னு இன்னொரு மாத்திரை இருக்கு, சுகர் இருக்கறவங்கள வச்சு செஞ்சு 2010ல வந்த அக்கார்ட்ங்கற ஆய்வுல ஸ்டாடின் மட்டும் எடுத்தவங்கள்ல 10.2 சதவீதம் பேருக்கு நாலு வருஷத்துல கண் பாதிப்பு கூடியிருக்கு, இதையும் சேத்து எடுத்தவங்கள்ல 6.5 சதவீதம்தான். ஆனா கிட்னி எப்படி இருக்குன்னு கிரியேட்டினின் பாக்காம குடுக்க மாட்டாங்க, நீங்களா மெடிக்கல்ல வாங்கிக் குடுத்துராதீங்க. அப்பாவுக்கு அந்த டெஸ்ட்டும் எழுதியிருக்காங்க, நான் கிளம்பினப்புறம் சித்தப்பா பையன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான், கண் ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு அவன் கைல குடுத்துட்டேன்.